அயலூர் வாரியத்தின் இரண்டு குடங்கள்

இருசப்பன் கூடப்பட்டு ஊருக்கான மதகை மூடிய அன்றிலிருந்து அவர் மனைவி சொக்கம்மாள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. தட்டில் சோற்றைப் போடுவாள், குழம்பை ஊற்றுவாள், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். உப்பு போதவில்லை என்றால் அவரே எழுந்துபோய் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மனுஷனை ஒதுக்கி வைக்க இவ்வளவு போதும். ஆனால் ஒரு ஊர் இன்னொரு ஊரை ஒதுக்கி வைப்பதென்றால் அதற்கு ஒரு வாரியம் வேண்டும், தீர்மானப் புத்தகம் வேண்டும், ரப்பர் ஸ்டாம்பு வேண்டும், இரண்டு குடங்கள் வேண்டும். வில்லியஞ்சேரியில் இவை எல்லாம் இருந்தன.

உத்திரமேரூரிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி ஒரு ஏரி. ஏரியின் இந்தப் பக்கம் வில்லியஞ்சேரி, அந்தப் பக்கம் கூடப்பட்டு. நடுவில் கரை மேல் ஒரு மைல் நடை. ஏரித் தண்ணீரை இரண்டு ஊருக்கும் திறந்து விடுகிற வேலை பரம்பரையாக இருசப்பன் வீட்டைச் சேர்ந்தது. ஒரே மகள் பவளத்தைக் கூடப்பட்டு முத்துகிருஷ்ணனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். வீட்டில் வளர்த்த நாயும் கல்யாண வண்டிக்குப் பின்னாலேயே ஓடிப்போய் அங்கேயே தங்கிவிட்டது. மகள் வயலுக்குத் தகப்பன் தண்ணீர் விட்டார். இதைவிட ஒழுங்கான ஏற்பாடு எந்தச் சர்க்கார் செய்துவிடும்?

எழுபத்து நான்காம் வருஷம் ஆடித் திருவிழாவில் அது கெட்டது. கூடப்பட்டு பூசாரிக்குக் கண்ணில் சதை வளர்ந்திருந்தது. வில்லியஞ்சேரிப் பெரிய பண்ணை வேதாசலத்துக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தை அவர் பக்கத்தில் நின்ற பலூன்காரன் தலையில் கட்டிவிட்டார். பலூன்காரனும் மரியாதை தெரிந்தவன், குனிந்து கட்டிக்கொண்டான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது கூடப்பட்டு ஆள் என்று விசாரணையில்லாமலே தீர்மானமாயிற்று.

அந்த வாரமே அயலூர் வாரியம் பிறந்தது. பெற்றவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் சுந்தரவரதன். உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டை அவர் கைவிரல் ரேகையைவிட நன்றாக அறிவார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் வைத்து, குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த மண் இது. அந்த மண்ணில் அயலாரோடு பழகுவதற்கு ஒரு வாரியம் இல்லையே என்று அவர் முப்பது வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார். பழகுவதற்கு அயலார் கிடைக்கவில்லை, பகைக்கக் கிடைத்தார்கள். அதுவும் போதும் என்று ஆரம்பித்துவிட்டார். வேதாசலம் தலைவர். உத்திரமேரூர் யூனியன் ஆபீஸ் குமாஸ்தா ஸ்வாமிநாதன் செயலாளர்.

முதல் தீர்மானம், கூடப்பட்டோடு பேச்சு இல்லை, பார்வை இல்லை, போக்குவரத்து இல்லை, தண்ணீர் இல்லை.

"எம்மாம் நாளுக்குங்க?" என்று கேட்டார் இருசப்பன், மதகுச் சாவியான இரும்புத் தண்டைப் பிடித்துக்கொண்டு.

"அவங்களுக்குப் புத்தி வர்ற வரிக்கும்" என்றார் வேதாசலம்.

"எம் பொண்ணு அங்க கீதுங்க."

"பொண்ணுக்கும் வரட்டும்."

இருசப்பன் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவர். தண்டைத் திருகினார். பலகை இறங்கி உட்காரும்போது அடியில் ஒரு முனகல் கேட்டது. பழைய பலகை, முன்பும் அப்படித்தான் முனகும். முன்பெல்லாம் அவர் காதில் அது விழுந்ததில்லை, அவ்வளவுதான்.

வாரியத்தில் சீக்கிரமே இரண்டு கட்சிகள் ஆயின. வேதாசலத்துடையது ஒதுக்கக் கட்சி. சுந்தரவரதனுடையது பேச்சுக் கட்சி. மாதம் ஒருமுறை பெருமாள் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். கரையில் இருப்பவன் என்பதால் இருசப்பனும் தூண் ஓரமாக நிற்க வேண்டும். எதிரி ஊரின் நடமாட்டத்தைச் சொல்வது இப்போது அவர் வேலை.

"நான் யாரையும் வெறுக்கறவன் இல்ல" என்று வேதாசலம் ஒவ்வொரு கூட்டத்திலும் ஆரம்பிப்பார். "ஒதுக்கறது நம்மளுக்கு மட்டும் சந்தோசமா? அவங்க தண்ணி எங்க போவுதுன்னு கேக்கறான் ஒருத்தன். எங்க போவும்? என் நெலத்துலதான் பாயுது. மூணாம் போகம் அறுக்க ஆளு கெடைக்காம நான் படற பாடு எவனுக்குத் தெரியும்? கொள்கைக்காகத் தாங்கிக்கினு கீறேன்."

அடுத்து சுந்தரவரதன் எழுந்திருப்பார். "பகையாளியோட பேசணும். பேசறதுதான் நாகரிகம். ஆனா எப்படி விளிக்கறதுன்னு தெரியாம பேச ஆரம்பிக்கறது நாகரிகமில்லை. 'அன்புள்ள'ன்னு போட்டா இளக்காரம் ஆயிடும். 'மதிப்பிற்குரிய'ன்னு போட்டா நம்ம மதிப்பு போயிடும். பதினாலு மாசமா யோசிச்சுண்டிருக்கேன். முப்பத்தேழு வருஷம் பசங்களுக்குக் கடிதம் எழுதக் கத்துக் கொடுத்தவன் நான். ஒண்ணைக்கூட தபால்ல சேர்த்ததில்லை. சேர்க்காத கடிதத்துல தப்பு வராது, பாருங்கோ."

இரண்டு கட்சியும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன. கூடப்பட்டிலிருந்து தபால் வந்தால் பிரிக்கக் கூடாது. பிரித்தால் உறவு வைத்துக்கொண்டதாகும் என்றது ஒதுக்கக் கட்சி. நம் கடிதம் போவதற்குள் அவர்கள் கடிதத்தைப் படித்தால் நாம் பதில் எழுதுகிறவர்களாகிவிடுவோம், முதலில் எழுதிய பெருமை போய்விடும் என்றது பேச்சுக் கட்சி. ஆகவே கூடப்பட்டிலிருந்து யார் பெயருக்கு எது வந்தாலும் வாங்கி, மண்டபத்து மூலையில் ஒரு குடத்தில் போட்டார்கள். அதே அச்சில் இன்னொரு குடம் பக்கத்தில் இருந்தது. அது ஓலை எடுப்பதற்கு. சுந்தரவரதன் இரண்டையும் ஒரே நாளில் பக்கத்து ஊரான பெருநகரில் குயவரிடம் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார். மண்டபத்துக் கூரை அந்த மூலையில் ஒழுகும். மராமத்து தோட்ட வாரியத்தின் வேலையா ஏரி வாரியத்தின் வேலையா என்று கல்வெட்டில் தெளிவாக இல்லாததால் ஒழுகிக்கொண்டே இருந்தது.

குரல் கேட்க ஆரம்பித்தது முதல் வருஷம் கார்த்திகையில். மத்தியானம், வெயில் ஏரிமேல் தகடாகக் கிடந்த நேரம். இருசப்பன் கரையில் கஞ்சித் தூக்கைத் திறந்தார். எதிர்ப்பக்கமிருந்து "நைனா" என்று ஒரு கூப்பாடு. திரும்பினார். பனைமரங்களும் கானலும்தான் தெரிந்தன. அவர் கண்ணுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. பார்ப்பதும் தீர்மானத்துக்கு விரோதம். தலையைக் குனிந்துகொண்டார். கஞ்சித் தூக்கை அப்படியே மூடிவிட்டார்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். கூட்டத்தில் அவர் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வீட்டிலோ பேச்சு இல்லை.

"இன்னா சொல்லிச்சி அந்தக் கொரலு?" என்றார் வேதாசலம்.

"நைனான்னுச்சிங்க. எம் பொண்ணு கொரல் மாதிரியே இருந்திச்சி."

"'மாதிரி'ன்னு எழுதிக்கோ ஸ்வாமிநாதா" என்றார் சுந்தரவரதன்.

வேதாசலம் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா? பரிவட்டத்துக்கு இன்னும் மன்னிப்பு கேக்கல. அதுக்குள்ள ஒறவு மொற கொண்டாட்றாங்கோ."

"அப்படிச் சொல்லப்படாது. நல்ல சமிக்ஞை இது. ஆனா வாய்மொழியா வந்திருக்கு. எழுத்து மூலமா வரட்டும், பரிசீலிக்கலாம்" என்றார் சுந்தரவரதன்.

மூலையில் குடத்துக்குள் எழுத்து மூலமாக வந்தவை இருந்தன. கூரையிலிருந்து ஒரு சொட்டு அதற்குள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

எழுபத்தைந்து பிறந்தது. எமர்ஜென்சி வந்தது, போனது. டெல்லியில் ஆட்சியே மாறியது. வாரியம் மாறவில்லை. இருசப்பன் தினமும் மாலையில் "ஒண்ணும் தெரியலீங்க" என்று சொன்னார். ஸ்வாமிநாதன், "எதிரி ஊர் மர்மமான அமைதி காத்து வருகிறது" என்று எழுதினான். அடுப்புப் புகை தெரியவில்லை என்றார் இருசப்பன். "புகையை மறைக்கும் உபாயம் கண்டிருக்கிறார்கள்" என்று பதிவாயிற்று. மாட்டு மணி கேட்கவில்லை என்றார். "மணிகளைக் கழற்றிவிட்டார்கள். நோக்கம் தெரியவில்லை." குரல் மட்டும் மத்தியானத்தில் தவறாமல் கேட்டது. அதை இப்போதெல்லாம் அவர் சொல்வதில்லை.

அப்புறம் ஒரு நாள் நாய் வந்தது. எலும்பும் தோலுமாக, கழுத்தில் என்றோ கடித்து அறுத்து மக்கிப்போன கயிற்றுத் துண்டோடு, கரை வழியே நடந்து வந்து நேராக இருசப்பன் வாசலில் படுத்தது. பவளத்தோடு போன நாய்தான். வாரியம் அவசரமாகக் கூடியது. எதிரிப் பிரஜை தஞ்சம் புகுந்திருக்கிறதா, வேவு பார்க்க வந்திருக்கிறதா? பெயர் என்ன என்று கேட்டார்கள். "சிப்பாய்ங்க" என்றார் இருசப்பன். பெயர் சரியாக இல்லை என்று வேதாசலம் அபிப்பிராயப்பட்டார். மாட்டுப் பட்டியில் பதினைந்து நாள் அடைத்து வைத்து, வேவு பார்த்ததற்கான அறிகுறி இல்லை என்று கண்டு விடுவித்தார்கள்.

அந்தக் கயிற்றுத் துண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இருசப்பனுக்கு அதுதான் உறுத்தியது. பவளம் நாயைக் கட்டி வைக்கிறவள் இல்லை. பின்னால் ஓடி வரக் கூடாது என்றால் ஒழிய.

சொக்கம்மாள் நாய்க்குச் சோறு வைத்தாள். வைத்துவிட்டு, புருஷன் காதில் விழும்படி அதனிடம் பேசினாள். "துன்னு, சிப்பாயி. பொண்ணு மொகத்தப் பாக்காம மூணு வருசமா துன்னுக்கினு கீறவங்களே நல்லா துன்றாங்கோ. ஒனுக்கு இன்னா?"

"நான் இன்னா பண்ணுவேன்னு கேளு, சிப்பாயி" என்றார் இருசப்பன், வெட்கத்தை விட்டு.

"சாவி எவங்கையில கீதுன்னு கேளு" என்றாள் அவள் நாயிடம்.

அன்று முதல் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நாய் மூலமாக நடந்தது. நாய் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மிகவும் பொறுமையாகக் கேட்டது. அதை வாரியத்துக்குத் தலைவராக்கியிருந்தால் காரியம் என்றோ நடந்திருக்கும்.

எழுபத்தெட்டு ஆவணியில் இரண்டு கட்சிக்கும் களைப்பு வந்துவிட்டது. பேசுவதா, ஒதுக்கியே வைப்பதா என்று குடவோலை போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் சுந்தரவரதன். முறைகளை அவரே எழுதினார். குடத்திலிருந்து எடுத்ததைச் செயலாளர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். எது வந்தாலும் சபையில் உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஓலை எடுப்பவன் எழுத்தறியாதவனாக இருக்க வேண்டும். "அந்தக் காலத்துல ஒண்ணும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னா. இப்போ சிறுவாள்லாம் பள்ளிக்கூடம் போய்க் கெட்டுப்போயிட்டா. நம்ம இருசப்பன் இருக்கான், ஒரு எழுத்து தெரியாது" என்றார். இருசப்பனை அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் திருப்பி அனுப்பியது சுந்தரவரதனின் தகப்பனார்தான். ஆனால் இவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

எதிர்த்தரப்பும் சபையில் இருப்பதுதான் நாகரிகம் என்று கூடப்பட்டுக் குடத்தையும் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டுக்கும் சந்தனம் பூசி, மாவிலை கட்டி, வாயை மஞ்சள் துணியால் மூடினார்கள். பாரபட்சம் இருக்கக் கூடாதல்லவா? ஊர் முழுக்கக் கூடியது. பெண்கள் தூணுக்கு அப்பால் நின்றார்கள், சொக்கம்மாளும் அவர்களோடு நின்றாள்.

இருசப்பன் கும்பிட்டுவிட்டுத் தனக்குப் பக்கத்திலிருந்த குடத்தில் கையை விட்டார். மேலே ஏதோ ஊறிப்போன அப்பளக் கட்டு மாதிரி தட்டுப்பட்டது. இன்னும் ஆழமாக விட்டு, காய்ந்ததாக ஒன்றை உருவினார். அது ஓலையாக இல்லை. நீல நிற இன்லண்டு லெட்டர்.

ஸ்வாமிநாதன் பழக்கதோஷத்தில் ஐந்து விரலையும் விரித்து வாங்கிவிட்டான். புரட்டிப் பார்த்தான். "பெறுநர், இருசப்பன், வில்லியஞ்சேரி. அனுப்புநர், மு. பவளம், கூடப்பட்டு."

"எம் பேரா?" என்றார் இருசப்பன்.

"செல்லாது!" என்று எழுந்தார் வேதாசலம். "கொடம் மாறிப்போச்சு. உள்ள போடு."

ஆனால் ஸ்வாமிநாதன் ஆபீஸில் வளர்ந்தவன். எழுதி வைத்த விதி அவனுக்குப் பெற்ற தாயைவிடப் பெரியது. "எது வந்தாலும் உரக்கப் படிக்கணும்னு இருக்கு. சார் கையெழுத்துப் போட்டிருக்கார், நீங்களும் போட்டிருக்கேள்" என்றான். பிரித்தான், படித்தான்.

"அன்புள்ள நைனாவுக்கு பவளம் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அப்படி எழுதணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க, அதனால எழுதறேன். இங்க நலம் இல்ல நைனா. இது அஞ்சாவது லெட்டர். கெணறு வத்திப்போச்சு. பாதி ஊரு கெளம்பிப் போய்ட்டாங்க. மதகை ஒரே ஒரு நாளு தெறந்து உட்டியானா நாத்துப் பொழைச்சிக்கும். கொழந்த பொறந்து மூணு மாசம் ஆவுது, பொம்பளப் புள்ள, அம்மா ஜாடை. நான் தெனம் மத்தியானம் கரைமேல நின்னு ஒன்னக் கூப்புடறேன். நீ திரும்பிப் பாக்கறே. அப்புறம் தலையக் குனிஞ்சிக்கறே. எம்மேல இன்னா கோவம் நைனா? தை முடியறதுக்குள்ள நீ வரலன்னா நாங்களும் போய்டுவோம். எங்க போறோம்னு அங்க போய் எழுதறேன். சிப்பாயை இட்டுக்கினு போவ முடியாது, நீ வந்து கூட்டிக்கினு போ."

தேதி எழுபத்தைந்து ஜனவரி.

இருசப்பனுக்கு முதலில் எதுவும் ஓடவில்லை. பிறகு ஒன்று மட்டும் ஓடியது. தையோடு அவள் போய்விட்டாள். போய் மூன்றரை வருஷம் ஆகிவிட்டது. அப்படியானால் நேற்று மத்தியானம் கரையில் அவரைக் கூப்பிட்டது யார்?

"அடுத்தது" என்றார். "எங்க போறோம்னு எழுதறேன்னாளே, அத்த எடு."

யாரும் அசையாததால் அவரே குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தார். குடம் தரையில் மோதி உடைந்தது. மேல் கட்டே தண்ணீரைக் குடித்துவிட்டதால் அடியில் தப்பிய காய்ந்த கடிதங்கள் பத்துப் பதினைந்து சிதறின. மேலே இருந்தவை, கடைசியாக வந்தவை, நான்கு மழைக்காலத்துத் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தன. கூடப்பட்டுக்கு மறுத்த தண்ணீர் எப்படியோ அவர்கள் கடிதத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்வாமிநாதன் ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தான். ஒன்றில் மட்டும் அனுப்புநர் இடத்தில் மங்கலாக ஏதோ இருந்தது.

"ஊர்ப் பேர் கரைஞ்சு போச்சு. கடைசி எழுத்து 'ம்' மாதிரி தெரியறது" என்றான். கொஞ்சம் தயங்கி, "கூடப்பட்டு ரேஷன் கார்டெல்லாம் மூணு வருஷம் முன்னாடியே ஆபீஸ்ல சரண்டர் ஆயிடுத்து. ஊர் காலி. எங்க ஆபீஸ்ல தெரியும்" என்றான்.

"ஏண்டா சொல்லலை?" என்றார் சுந்தரவரதன்.

"வாரியத்துல யாரும் கேக்கலையே சார்."

வேதாசலம்தான் முதலில் தெளிந்தார். "அப்போ நம்ம கொள்கை ஜெயிச்சிடுச்சி!" என்று கை தட்டினார். "ஒதுக்கி வச்சோம், எதிரியே இல்லாம பூட்டான். ஒலகத்துல எந்த நாடு இத்த சாதிச்சிருக்குது?"

சுந்தரவரதனுக்குக் கண் கலங்கியிருந்தது. பவளம் அவரிடம் ஐந்தாவது வரை படித்தவள். "அன்புள்ளன்னே போட்டிருக்கா, பாருங்கோ. எவ்வளவு சுலபமா போட்டுட்டா" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன்னுடைய இருபத்திமூன்றாவது வரைவை எடுத்துப் பார்த்து, "இதை இப்போ யாருக்கு அனுப்பறது?" என்றார். அந்தத் துக்கம் உண்மையான துக்கம்தான். எதற்காக என்பதுதான் சரியாகத் தெரியவில்லை.

எதிரி ஊர் காலி என்பது வாரியத்துக்கு முறைப்படி தெரிவிக்கப்படாததால், அது தந்திரமாகவும் இருக்கலாம் என்றும், உண்மையை அறியத் தூதன் ஒருவனை அனுப்பலாமா, அனுப்பினால் உறவு வைத்துக்கொண்டதாகுமா என்றும் விவாதம் தொடங்கியது. உடைந்ததற்குப் பதிலாக ஒரு புதுக் குடம் பெருநகரில் சொல்வதென்று மட்டும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

இருசப்பன் வீட்டுக்கு வந்தபோது சொக்கம்மாள் முன்னாலேயே வந்திருந்தாள். மூலையிலிருந்த இரும்புத் தண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். நாயிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

மதகு திறந்தது. தண்ணீர் முள்ளையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு கால்வாயில் இறங்கியது. அதன் கூடவே இருவரும் நாயும் நடந்தார்கள். அந்த ஒரு மைலை நடக்க இருசப்பனுக்கு நாலு வருஷம் ஆயிற்று.

கூடப்பட்டில் கூரைகள் உள்ளே விழுந்திருந்தன. தெருவில் எருக்கு இடுப்பளவு நின்றது. பூட்டின கதவுகளின் பூட்டுகள் துருவேறித் தொங்கின. சுவர் இருக்கும் இடத்தில் யாருக்காகப் பூட்டு என்று தெரியவில்லை, சுவர் விழுந்த இடத்திலும் கதவு மட்டும் பூட்டியபடி நின்றது. பவளம் வீட்டில் ஏணைக் கயிறு விட்டத்திலேயே தொங்கியது. சொக்கம்மாள் அதைத் தொட்டாள். ஏணையில் பிள்ளை இருப்பதுபோல் மெதுவாக ஒரு தடவை ஆட்டினாள். இருசப்பன் வெளியே வந்து எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தண்ணீர் வந்து வறண்ட வயலில் பரவி, அங்கே யாரும் இல்லை என்பது தெரியாமல், வரப்பு வரப்பாகத் தேடிக்கொண்டு போயிற்று.

அவர்கள் திரும்பவில்லை. பவளம் என்றைக்காவது வந்தால் தன் வீட்டுக்குத்தானே வருவாள் என்று சொக்கம்மாள் அங்கேயே அடுப்பு மூட்டிவிட்டாள். இருசப்பன் 'ம்' என்று முடிகிற ஊர்களைத் தேடிப் போனார். காஞ்சிபுரம், தாம்பரம், விழுப்புரம், திண்டிவனம். செங்கல் சூளைகளிலும் நெல் மில்களிலும் பவளம் என்று கேட்டார். நம் நாட்டில் எத்தனை ஊர்கள் அப்படி முடிகின்றன என்பது தேடினால்தான் தெரியும். கைக்காசு தீர்ந்து, மாதத்துக்கு ஒருமுறை வெறுங்கையோடு வருவார். சொக்கம்மாள் ஒன்றும் கேட்கமாட்டாள். அவர் நாயிடம் சொல்வார்.

வாரியத்துக்கோ புத்துயிர் வந்துவிட்டது. மறுநாளே மதகை மூடி, ராஜாராம் என்ற வெளியூர்க்காரனைப் புதுக் காவலாகப் போட்டு, கரை நடுவில் முள்வேலி அடைத்தார்கள். "எதிரி ஊரில் மீண்டும் புகை. ஆள் நடமாட்டம், இருவர். சிப்பாய், ஒன்று" என்று ஸ்வாமிநாதன் எழுதினான். சுந்தரவரதனின் கடிதத்துக்கு விலாசம் கிடைத்துவிட்டது. இருபத்தாறாவது வரைவு, 'அன்புள்ள' என்று ஆரம்பித்து, முறைப்படி தபாலில் வந்தது. அதைப் படித்துச் சொல்லக் கூடப்பட்டில் யாரும் இல்லை. இருசப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த ஒரு பானைக்குள் போட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. வேறு எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

கூடப்பட்டுக்கு வந்த பிறகு குரல் நின்றுவிட்டது. மத்தியானத்தில் கரைமேல் போய் நின்று பார்ப்பார், இருக்காது. இது முன்பைவிட மோசமாக இருந்தது.

மாசி மாதம் ஒரு மத்தியானம். சொக்கம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கரையிலிருந்து, வில்லியஞ்சேரிப் பக்கமிருந்து, "நைனா" என்று கேட்டது. இருசப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பழகினதுதானே. ஆனால் முறம் நின்றுவிட்டது. சொக்கம்மாள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது அவளுக்கும் கேட்டது. நாய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் ஓடினார்கள். அறுபதை எட்டுகிற உடம்புகள் எப்படி ஓடுமோ அப்படி ஓடினார்கள். முள்வேலிக்கு அந்தப் பக்கம் ராஜாராம் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தான். கரை வெறுமையாக இருந்தது.

"யார்டா கூப்ட்டது?" என்றார் இருசப்பன், மூச்சு வாங்க.

"பேசக் கூடாது. ரூலு கீது" என்றான் ராஜாராம். பிறகு மனசு கேட்காமல், ஏரியைப் பார்த்துக்கொண்டு, ஏரியிடம் சொல்வதுபோல் சொன்னான். "ஒரு பொம்பள வந்திச்சி. நாலு வயசுப் பொண்ணை இட்டுக்கினு. இருசப்பன் வூடு பூட்டிக் கீதேன்னு கேட்டுச்சி. எதிரி ஊருக்குப் பூட்டாருன்னேன். இங்க நின்னு ஒரு சத்தம் கூப்ட்டு பாத்துச்சி. வேலியத் தாண்டணும்னா வாரியத்துல மனு குடுக்கணும்னு சொல்லி அனுப்பி உட்டேன். மண்டபத்துல குந்திக்கினு எழுதிக்கினு கீது."

"மனுவா?"

"ஆமா. நல்ல நேரத்துக்குத்தான் வந்திச்சி. பெருநகர்லேர்ந்து புதுக் கொடம் இன்னைக்குக் காலைலதான் வந்து எறங்கிச்சி."

சொக்கம்மாள் முள்வேலியை வெறுங்கையால் பிடித்து இழுத்தாள். ரத்தம் முழங்கைவரை வழிந்தது. நான்கரை வருஷத்துக்குப் பிறகு புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இன்னா நின்னுக்கினு கீறே?" என்று கத்தினாள். "கொடத்துல போடறதுக்குள்ள ஓடு!"